பாதி முகத்தில் வெளிச்சம்

“அத்தை, ஆரத்தி எடுக்காதீங்க! லைட்ட ஒரே எடத்துல புடிங்க.”

“கை வலிக்குதுப்பா. ஆமா, மொதல்ல நெத்தி வரைவியா, கண்ணு வரைவியா?”

“நெத்தி. ஆடாதீங்க அத்தை.”

“ஆடுறது நீதாண்ணா. சிரிக்கிற வேற,” என்றாள் தங்கை சுவேதா, செல்போனைக் குறிபார்த்தபடி.

சேரன் முகத்தை இறுக்கிக்கொண்டான். நாளைக் காலை சிதம்பரத்து ஓவியப் பள்ளியில் சேர்க்கை. தன் முகத்தைத் தானே வரைந்து எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். படம் தேறாவிட்டால் மாமாவின் ஐஸ் கம்பெனியில் பெட்டி அடுக்க வேண்டியதுதான். கண்ணாடியைப் பார்த்து வரைந்தால் மூக்கு மட்டும் வளர்ந்துகொண்டே போனது. அதனால்தான் போட்டோ.

மொழிபெயர்ப்பு நாவல்களின் அட்டையைப்போல் பாதி முகம் இருட்டில் இருக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்காகத் தேவனாம்பட்டினத்து உச்சிவெயிலில் ஜன்னலைப் போர்வையால் மூடினான். வேர்த்து வழிந்தது. ஃபேனைப் போட்டால் போர்வை பறந்தது. ஆணி அடித்தான், ஜன்னல் பலகை பிளந்தது. அந்தச் சத்தத்துக்கு எட்டிப்பார்த்த அடுத்த வீட்டுச் சின்னம்மாள், கூப்பிடாமலே வந்து விளக்கைப் பிடித்துக்கொண்டாள்.

“போட்டோ இல்லாம மொகம் வரைய முடியாதா தம்பி?”

“முடியாது அத்தை. பாத்தாத்தான் வரும்.”

“ஓ.”

அவள் முகம் ஏனோ வாடியது. அதைப் பார்த்துச் சேரனின் சிரிப்பும் நின்றது.

“எடுத்துட்டேன்!” என்று கத்தினாள் சுவேதா.

படம் பிரமாதம். ஆனால் செல்போனில் தபால்தலை அளவுதான் தெரிந்தது. “கடலூர்ல கறுப்பு வெள்ளையில பெருசா போட்டுட்டு வா,” என்று மெமரி கார்டைக் கொடுத்து அனுப்பினான்.

பேனர் கடைக்காரர் படத்தைப் பார்த்தார். “யாரும்மா இது?”

“எங்கண்ணன்.”

“வயசு?”

“இருபத்திரெண்டு. இன்னிக்கே வேணும் சார்.”

அவர் உச்சுக்கொட்டினார். ஒரு கல்யாண பேனரைத் தள்ளிவைத்துவிட்டு இவளுடையதைப் போட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். சுருட்டித் தந்து தலையையும் தடவினார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்தபடி சுவேதா பஸ் ஏறினாள்.

சின்னம்மாளும் வந்து நிற்க, வீட்டில் பிரித்தார்கள். பாதி இருட்டைத் துடைத்து முகம் முழுக்க வெளிச்சம் போட்டிருந்தார். கழுத்தில் மாலை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. மேலே, ‘கண்ணீர் அஞ்சலி’.

“அடிப்பாவி! என்னடி சொன்ன அவருகிட்ட?”

“ஒண்ணுமே சொல்லலண்ணா. அவரா போட்டுட்டாரு.”

“கார்டு எங்க?”

“கடையிலயே வுட்டுட்டேன்…”

மறுபடி எடுக்கலாம் என்று விளக்கைத் தேடினான். கரண்ட் போனது.

சேரன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். சின்னம்மாள் படத்தை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். கிழித்துப் போடத்தான் போகிறாள் என்று நினைத்தான். அவளோ அந்த மாலையை விரலால் தடவிக்கொண்டே நின்றாள்.

“மால போட எங்கவுரு படம் ஒண்ணுகூட இல்ல தம்பி. அவரோட சேத்து எல்லாத்தையும் சுனாமி அலை வாரிக்கிட்டுப் போயிடுச்சு. நெத்தியிலேந்து நான் ஒண்ணொண்ணா சொல்றேன்… நீ வரையிறியா?”