ஆல்வினுக்கு ஒரு நற்சான்று

வாடகைக்கு வீடு பார்க்க மனைவி நெல்டாவோடு போவது. ஆனால் எந்த வீடும் கிடைக்காமல் பார்த்துக்கொள்வது. அறுபத்தெட்டாவது வயதில் ஆல்வின் எடுத்த மகத்தான தீர்மானம் இது.

பண்ணை வீட்டை விட்டு அவர் ஏன் போக வேண்டும்? முன்வாசல் நிழலில் நாற்காலி. காலடியில் நாய். கொல்லையில் மாட்டிறைச்சி வாட்டும் அடுப்பு. நெல்டாவின் கவலை வேறு. போன குளிர்காலத்தில் மாட்டுப்பட்டியில் வழுக்கி விழுந்த மனிதர் மூன்று மணி நேரம் அங்கேயே கிடந்தார். கண்டுபிடித்தது நாய்தான். அன்றிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை. ஊருக்குள்ளே, டாக்டர் கூப்பிடு தூரத்தில் ஒரு அபார்ட்மெண்ட் போதும் என்று சொல்லிவிட்டாள்.

டெக்சஸில் மேசன் சின்ன ஊர். கோர்ட்டைச் சுற்றிலும் பழைய கல் கட்டடங்கள். வாடகைக்கு வருவதோ வருஷத்துக்கு நாலு வீடு. மூன்றை ஆல்வின் ஏற்கெனவே ஒழித்துவிட்டார். ஒருவரிடம், தன் நாய் ராத்திரி முழுக்க ஊளையிடும் என்றார். இன்னொருவரிடம், ஊளையிடுவது தான்தான் என்றார். மூன்றாமவரிடம் ஒன்றுமே சொல்லவில்லை. தரைவிரிப்பில் புகையிலைச் சாற்றைத் துப்பிக் காட்டினார்.

நாலாவது, ஷுல்ட்ஸ் அம்மாவின் மாடி வீடு. இந்தத் தடவை நெல்டா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"வாயைத் திறந்தே, தெரியும் சேதி."

"நான் ஏன் பேசறேன்? ஃபாரத்தை மட்டும் நிரப்பறேன்."

ஃபாரத்தில் ஒரு கேள்வி: உங்களைப் பற்றிச் சொல்லக்கூடிய ஒருவர்? ஆல்வின் முகம் மலர்ந்தது. நெல்டாவின் அக்கா லியோனா! கல்யாணத்தன்றே, "போயும் போயும் இவனா?" என்று கேட்டவள். நாற்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருப்பவள். பெயரையும் போன் நம்பரையும் முத்து முத்தாக எழுதினார்.

ஷுல்ட்ஸ் அம்மா உடனே போன் போட்டார். கிளம்பத் தயாராக ஆல்வின் தொப்பியைக் கையில் எடுத்தார்.

"அப்படியா? கோபமே வராதா?... பாத்திரமும் அவரே கழுவுவாரா!... ஐயையோ, அழாதீங்க லியோனா."

போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார் ஷுல்ட்ஸ் அம்மா. "கூடப் பிறந்த தம்பிகூட இப்படி இருக்க மாட்டானாம், ஆல்வின்."

ஆல்வின் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். நாற்பது வருஷம்! ஒரு தங்கமான மனசுக்கு வாயில் வந்த பட்டப்பெயரெல்லாம் வைத்துவிட்டோமே!

"நெல்டா, உங்க அக்காவை நான் புரிஞ்சுக்கவே இல்லடி."

"பரவாயில்ல. இங்க கையெழுத்துப் போடு."

கலங்கிய கண்ணோடு போட்டார். ஷுல்ட்ஸ் அம்மா மேஜைமேல் மூன்று சாவிகளை வைத்தார்.

"ரெண்டு பேருக்கு எதுக்கும்மா மூணு?"

"லியோனாவுக்கு ஒண்ணு வேண்டாமா? பின்பக்க ரூம் அவங்களுக்குன்னு நெல்டா போன வாரமே சொல்லிட்டாளே."

ஆல்வின் மெல்லத் திரும்பி நெல்டாவைப் பார்த்தார். அவள் சாவிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பின்னே, சும்மாவா அவ அவ்வளவு பொய் சொல்லுவா?"