ரசமட்டமும் சாய்ந்த சுவரும்

கொல்லிமலையில் நேராக இருப்பது ரசமட்டம் ஒருவர்தான். ரோடு பூராவும் கொண்டை ஊசி வளைவு. வயல் படிப்படியாக இறங்கும். மிளகுக்கொடி மரத்தைச் சுற்றிக்கொண்டு ஏறும். நான் மாட்டு டாக்டராகச் செம்மேட்டுக்கு வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைப் புரிந்துகொண்டேன். கொத்தனார்கள் சுவரில் வைத்துப் பார்ப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடும் கட்டை, அதற்குப் பெயர் ரசமட்டம். அதை எந்நேரமும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரிந்ததால் இந்தக் கொத்தனாருக்கும் அதே பெயர். ரேஷன் கார்டில் வேறு ஏதாவது இருக்கும். யாரும் கேட்டதில்லை.

மனிதருக்குச் சாய்வைக் கண்டால் பொறுக்காது. ஒரு கல்யாணப் பந்தியில் இலையில் சோறு விழுந்த பிறகு எழுந்து, மேசை ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது என்று காலுக்கடியில் அட்டை சொருகினார். அந்த வரிசையில் இருந்த இருபது பேரும் அதுவரை கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தோம். என் ஆஸ்பத்திரியில் ஆடுகளைப் படுக்கவைக்கும் மேசையையும் விடவில்லை. சாய்ந்த மேசையில் போட்ட ஊசி எப்படிப் பிடிக்கும் என்று என்னையே கேட்டார். எட்டு வருஷம் படித்த நான் அட்டை தேடிக் கொடுத்தேன்.

என் வீட்டுக்கு வந்தால் நேரே உள்ளே போய், கூடத்தில் மாட்டியிருக்கும் எங்கள் கல்யாணப் படத்தை நிமிர்த்துவார். அதற்கப்புறம்தான் டீ. லாரி போனால் அதிரும் வீடு, படம் மறுபடி சரிந்துவிடும். அடுத்த முறை வந்து மறுபடி நிமிர்த்துவார்.

இப்பேர்ப்பட்ட ஆளுக்கு வந்து வாய்த்தது பாருங்கள் ஒரு வேலை. வாசலூர்பட்டி ஏரிக்கு மேலே, சரிவில், நவீன ஓவியங்களுக்கென்று வெளியூர்க்காரர் ஒருவர் மியூசியம் கட்டினார். கூரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாத கட்டிடம். அதில் பெரிய சுவர் ஒன்று, பூசாத கான்கிரீட், ஆள் மேல் கவிழ்ந்துவிடுகிற மாதிரி சாய்ந்து நிற்கவேண்டும். வரைபடத்தை இரண்டு தரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோமா என்று அதைக் கொண்டுவந்த இன்ஜினீயரம்மாவிடமே கேட்டாராம் ரசமட்டம். கடைசியில் பலகை அடைத்துச் சாய்த்தே கட்டிக் கொடுத்தார். கட்டி முடித்த பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. திறப்பு விழாவுக்குக்கூடப் போகவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? ரசமட்டம் கட்டிய சுவரே சாய்ந்துவிட்டதாம் என்று டீக்கடையில் ஆரம்பித்தது, மலை முழுக்கப் பரவிவிட்டது. மலையிலேயே இன்னொரு பகுதியான திருப்புலி நாட்டில் மிளகுக்காரர் ஒருவர் வீடு கட்ட இவரைப் பேசி வைத்திருந்தார். பேச்சு அவர் காதுக்கும் போய், சுவரை நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்றுவிட்டார். ரசமட்டம் என்னிடம் வந்தார். அன்றைக்குப் படத்தை நிமிர்த்தவில்லை.

“டாக்டரம்மா, நீங்களும் கூட வாங்க. அந்த ஊடு போனாக்கூடப் போவுதுங்க. பேரு போச்சுன்னா நான் கரண்டியக் கையில தொட முடியாதுங்க.”

ஞாயிற்றுக்கிழமை மிளகுக்காரரோடு மூன்று பேரும் போனோம். வாசலிலேயே முதல் அடி. கட்டை, கம்பி எதுவும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று ரசமட்டத்தின் ரசமட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். வெறும் கக்கத்தோடு அவரை நான் பார்த்தது அன்றுதான்.

முதல் அறையில் செம்மண் குவியல் ஒன்று, அவ்வளவுதான். இன்னும் சலிக்கவில்லையே என்றார் ரசமட்டம். அடுத்த அறையில் வெள்ளைத் துணி மட்டும் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. பிரைமர் அடித்துவிட்டு பெயிண்டர் சாப்பிடப் போய்விட்டார் போலிருக்கிறது என்று மிளகுக்காரருக்கு விளக்கம் வேறு. அதற்கடுத்த அறையில் ஓவியரே வேண்டுமென்று கோணலாக மாட்டச் சொன்ன படம். நான் தடுப்பதற்குள் நிமிர்த்திவிட்டார். காவலாளி ஓடிவந்து, எவ்வளவு கோணல் என்று எழுதிய ஒரு அட்டையைப் பார்த்து, மறுபடி கோணலாக்கினார். அதைப் பார்த்த ரசமட்டத்தின் முகத்தை என்னால் விவரிக்க முடியாது.

கடைசியில் அந்தச் சுவர். மிளகுக்காரர் அண்ணாந்து பார்த்தார். ரசமட்டம் கையை வைத்தார். சுவரைத் தொடக்கூடாது என்றார் காவலாளி.

“நான் கட்டுனதுங்க கண்ணு. தொடாம எப்படிக் கட்டியிருப்பேன்?”

காவலாளி ஒதுங்கிக்கொண்டார். ரசமட்டம் என் பக்கம் திரும்பி, தலையில் இருக்கும் பூவைக் கேட்டார். கொடுத்தேன். மல்லிகையை உதிர்த்து என் கையிலேயே கொட்டிவிட்டு நூலை உருவினார். மிளகுக்காரரின் வண்டிச்சாவியை வாங்கி நுனியில் கட்டினார். கொத்தனார்கள் செங்குத்துப் பார்க்கும் தூக்குக்குண்டு தயார். இந்தக் கோடியில், கை எட்டுகிற உயரத்தில் நூலைச் சுவரோடு பிடித்தார். சாவி கீழே ஆடி ஆடி நின்றது. சாவிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை மிளகுக்காரரையே அளக்கச் சொன்னார். ஒரு சாண், நாலு விரல்.

சுவரின் நடுவே பிடித்தார். ஒரு சாண், நாலு விரல். அந்தக் கோடியில் பிடித்தார். மிளகுக்காரர் மண்டிபோட்டு, நிதானமாக விரலை மடக்கினார். நான் மல்லிகையைக் கசக்கிக்கொண்டு நின்றேன். ஒரு சாண், நாலு விரல். பின்னால் படம் பார்க்க வந்த கூட்டம், இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துக் கைதட்டியது.

“சாயறதா இருந்தாலும் ஒழுங்காச் சாயணுங்க” என்றார் ரசமட்டம்.

மிளகுக்காரர் எழுந்து முழங்காலைத் தட்டினார்.

“சாச்சுக் கட்டுனதே இத்தனை சுத்தமா இருக்குதுங்க. நம்ம ஊட்டை நேராவே கட்டிப்போடுங்க, போதும்.”

வெளியே வந்து டோக்கனைக் கொடுத்து ரசமட்டத்தை வாங்கியதும், அந்த வரவேற்பு மேசை மேல் வைத்துப் பார்த்தார். மேசை சரியாக இருந்தது. மியூசியம் நல்ல மியூசியம்தான் என்று சொல்லிவிட்டார்.

இப்போது திருப்புலி நாட்டில் அந்த வீட்டுக்கு நிலை வைக்கிற வேலை நடக்கிறது. மூன்று வாரமாக மனிதர் இந்தப் பக்கம் வரவில்லை. கூடத்துப் படம் இடதுபுறம் சரிந்து கிடக்கிறது. எனக்குக் கை எட்டுகிற உயரம்தான். அவர் வந்து நிமிர்த்தட்டும் என்று அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.