இருபத்து மூன்று தலையும் ஒரு ஜோடிப் பாஸும்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். அங்கே நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முழங்காலையும் தனியாக விசாரித்ததாகச் சொல்லவும். உங்கள் தங்கையும் நலம். அதாவது, பார்வைக்கு நலம். இன்று மதியத்திலிருந்து என்னோடு பேசவில்லை என்பதால் வாயால் கேட்டு உறுதி செய்ய முடியவில்லை.

நாளைக் காலை அவள் பெட்டியோடு கிளம்புகிறாள். விடுதி வரவேற்பில் அப்படிச் சொன்னதை என் காதால் கேட்டேன். வேறெங்கே போவாள், உங்கள் வீட்டுக்குத்தான். போன் அவளிடம் இருப்பதால் இந்தக் கடிதத்தை அவள் பெட்டியின் ஓரப் பையிலேயே செருகி அனுப்புகிறேன். அவள் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் இதைப் படித்துவிட வேண்டும். என் முப்பது வருடக் குடும்பம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

அதற்கு முன் இந்த மலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். ஐயோ மச்சான், என்ன மலை, என்ன ரோடு! ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். கீழே இருந்து உச்சி வரை பஸ், மலை ரயில், ரோப் கார் என்று மூன்றும் இருக்கின்றன. பஸ்ஸில் கண்டக்டரே கிடையாது! டிக்கெட்டையும் டிரைவரே கிழித்துக் கொடுக்கிறார். பன்னிரண்டு வருடம் நீங்கள் முன்னால் டிரைவராகவும் நான் பின்னால் கண்டக்டராகவும் ஒரே வண்டியில் போனோமே, அந்த வண்டியிலிருந்து என்னைக் கழற்றி எறிந்தது போல் இருந்தது.

வந்து இறங்கியதுமே கவுண்ட்டரில் சண்டை. மூன்று நாளைக்கு ஜோடிப் பாஸ் ஒன்று இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எதில் வேண்டுமானாலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம், ஆனால் இரண்டு பேரும் சேர்ந்தே வர வேண்டும். உங்கள் தங்கையோ ஒற்றைக் காலில் நின்றாள். “தனித்தனியா டிக்கெட் எடுப்போங்க. தோணுற எடத்துல எறங்கணும், எறங்கின எடத்துல உக்காரணும். எனக்கு உச்சியில அந்தப் பனியைப் பக்கத்துல பாக்கணும், அவ்வளவுதான்.” நான் விடுவேனா? உங்களுக்குத் தெரியாததா, வேலை பார்த்த காலமெல்லாம் “பாஸா? காட்டுங்க” என்று கேட்டே தொண்டை தேய்ந்தவன் நான். அந்தப் பாஸ்காரர்கள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இரண்டு விரலால் பாஸைத் தூக்கிக் காட்டுவார்களே, அந்த அலட்சியத்தோடு ஒரு நாளாவது உட்கார வேண்டும் என்பது என் வாழ்நாள் ஆசை. வாங்கிவிட்டேன். இனிமேல் எதற்கென்று பர்ஸையும் அவள் கைப்பையில் போட்டுவிட்டேன்.

நேற்று பதினோரு சவாரி! பஸ்ஸில் ஏறி ரயிலில் இறங்கி, ரயிலில் ஏறி பஸ்ஸில் இறங்கி, ஒரே கொண்டாட்டம். ஒவ்வொரு தடவையும் இரண்டு விரலால் தூக்கிக் காட்டினேன். எந்த இடத்திலும் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை, நின்றால் பாஸ் சும்மா கிடக்குமே என்று மனசு பதறியது. சாயங்காலம் அவள், “நாம மலையைப் பாக்க வந்தோமா, பஸ்ஸைப் பாக்க வந்தோமா?” என்று கேட்டாள். இரண்டையும்தான் என்றேன். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

இன்றைக்கு நடந்ததைக் கேளுங்கள். ரோப் கார் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அருவி, அங்கே பஸ் பத்து நிமிடம் நின்றது. அவள் இறங்கினாள், நான் இறங்கவில்லை. நேரமானதும் ஜனங்கள் ஏறினார்கள். நான் எழுந்து படிக்கட்டுப் பக்கம் நின்று, பழக்கதோஷத்தில் தலைகளை எண்ணினேன். வரும்போது இருபத்து மூன்று, இப்போதும் இருபத்து மூன்று. கணக்குச் சரி. சாவிக்கொத்தில் என் பழைய விசில் தொங்குவது உங்களுக்குத் தெரியும். கை தானாகப் போனது, வாய் தானாக ஊதியது. “போலாம், ரைட்!”

நீங்களே சொல்லுங்கள் மச்சான், விசில் கேட்டபின் எந்த டிரைவராவது திரும்பிப் பார்ப்பாரா? வண்டி இறக்கத்தில் பறந்தது. எனக்கா, ஒரே குஷி. பக்கத்து இருக்கையில் குல்லா போட்ட தலை தெரிந்தது, குளிருக்காக உங்கள் தங்கை குல்லா வாங்கியிருக்கிறாள் என்று நினைத்து ஆறு வளைவு வரை அந்தத் தலையோடு பேசிக்கொண்டே வந்தேன். ஆறாவது வளைவில் செக்கர் ஏறினார். இரண்டு விரலால் பாஸைத் தூக்கினேன். “ஜோடிப் பாஸாச்சே, இன்னொருத்தர் எங்க?” என்றார். நான் பெருமையாகப் பக்கத்தில் கையைக் காட்டினேன். குல்லாவுக்குக் கீழே பெரிய மீசை!

செக்கர் நல்ல மனிதர். “பரவாயில்லை பெரியவரே, உக்காருங்க, அடுத்த பஸ்ல வந்துருவாங்க” என்றார். எனக்கு எப்படி மனசு வரும்? இப்படிச் செல்லாத பாஸோடு வந்த எத்தனை பேரை நான் நடுவழியில் இறக்கிவிட்டிருக்கிறேன்! “சட்டம்னா எல்லாருக்கும் சட்டந்தான் சார். இந்தப் பாஸ் செல்லாது, என்னை எறக்கி விடுங்க” என்று அவரோடு வாதாடி ஜெயித்து இறங்கினேன். இறங்கும்போது டிரைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “மன்னிச்சுக்குங்கண்ணே. விசில் கேட்டுப் பதினெட்டு வருஷமாச்சு. கேட்டதும் கால் தன்னால அமுக்கிருச்சு” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டிக்கெட் எடுக்கக் கையில் பர்ஸ் இல்லை. ஆறு வளைவும் ஏறி நடந்தேன். போய்ப் பார்த்தால் அருவி இருக்கிறது, அவள் இல்லை. இதைப் பொய்யில்லாமல் எழுதுகிறேன். அரை மணி நேரம் அவளைப் பெயர் சொல்லிக் கத்தினேன், கல்யாணமான நாளிலிருந்து நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கடைசியில் நடந்தே விடுதிக்கு வந்து சேர்ந்தால், எனக்குப் பின்னாலேயே அவளும் வந்தாள். முகமெல்லாம் சிவந்து, கண்ணெல்லாம் ஈரம். தனியாக உட்கார்ந்து அழுதிருக்கிறாள், பாவி நான்! ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்ப் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

தங்கையை என்னை நம்பிக் கொடுத்தீர்கள். நான் அவளை அருவியில் விட்டுவிட்டு விசில் ஊதினேன். என்னைத் திட்டுங்கள், அடியுங்கள், ஆனால் அவளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். இனி அவள் சொல்லும் டிக்கெட்தான், அவள் சொல்லும் இடம்தான். அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய கண்டக்டர், இன்னும் உங்கள் மைத்துனர் என்று நம்பும்
நான்

பின்குறிப்பு: அண்ணா, இது நான், உங்கள் தங்கை. ஸ்வெட்டர் வைக்கப் போனபோது இந்தக் கடிதம் கிடைத்தது. அவர் விசில் ஊதும்போது நான் பஸ்ஸுக்குப் பத்தடி தூரத்தில்தான் நின்றேன். ஒரு குரல் கொடுத்திருந்தால் நின்றிருக்கும். கொடுக்கவில்லை. ஒற்றை டிக்கெட் எடுத்து ரோப் காரில் உச்சிக்குப் போய், பனியைக் கையால் தொட்டேன் அண்ணா! முகம் சிவந்தது அந்தக் காற்றில். கண்ணில் ஈரம், அவர் குல்லாக்காரனோடு பேசிக்கொண்டே போனதை ஜன்னல் வழியே பார்த்தேனே, அதை நினைத்துச் சிரித்துச் சிரித்து வந்தது. வாயைத் திறந்தால் சிரித்துவிடுவேன் என்றுதான் பேசவில்லை. ஆனால் என் பெயர் சொல்லிக் கத்தினார் என்பது இப்போது படித்துத்தான் தெரிந்தது. அதிலிருந்து சிரிப்பு வரவில்லை. பெட்டி உங்கள் வீட்டுக்கு இல்லை, இந்தக் கடிதம் மட்டும் தபாலில் வரும்; உச்சியில் ஓர் அறை சொல்லியிருக்கிறேன். நாளைக்கு இரண்டு பேருக்கும் தனித்தனி டிக்கெட், போவதற்கு மட்டும். திரும்புவது எப்போது தோன்றுகிறதோ அப்போது. விசில் என்னிடம் இருக்கிறது.