பாட்டுப் பலகையில் ஏறிய பாஸ்வேர்டு

கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றுமே தெரியாதவன் எதையும் தொடமாட்டான். முழுதாகத் தெரிந்தவன் ஒழுங்காகச் செய்வான். நடுவில் நான் ஒருவன் இருக்கிறேனே, என்னைத்தான் கட்டிப்போட வேண்டும்.

அப்போது வண்டன்மேட்டில் ஓர் ஏலக்காய்த் தோட்ட ஆபீசில் கிளார்க். பாஸ்வேர்டு பாதுகாப்பு பற்றி அரைநாள் வகுப்பு எடுத்தார்கள். (வடை உண்டு. நான் போனதே அதற்குத்தான்.) பெயரை வைக்காதே, எழுத்தும் எண்ணும் குறியும் கலந்து நீளமாக வை, யாருக்கும் சொல்லாதே. வெளியே வரும்போது, உலகத்துத் திருடர்கள் அத்தனை பேரும் என் தங்கை ரூத்தைக் குறிவைத்திருப்பதாகவே தோன்றியது. அரசு வேலைத் தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தவளின் பாஸ்வேர்டு அப்படி: ரூத்123.

ஞாயிறு ஆராதனையில் பிரசங்கத்தைக் கவனிக்காமல் யோசித்தேன். எதிரே பாட்டுப் பலகை. அன்றைக்குப் பாடும் மூன்று பாட்டுகளின் எண்களைக் கோவில்பிள்ளை செல்லையா அண்ணாச்சி அதில் மாட்டியிருந்தார். (மணி அடிப்பது முதல் விளக்குமாறு பிடிப்பது வரை அவர்தான்.) அடடா! மூன்று எண்களையும் சேர்த்து, முன்னால் அவள் பெயரின் முதலெழுத்து, கடைசியில் ஒரு ஸ்டார். மறந்தால் வந்து பார்த்துக்கொள்ளலாம், அடுத்த ஞாயிறு வரை பலகை மாறாது. வீட்டுக்கு வந்ததும் மாற்றிவிட்டேன். யாருக்கும் சொல்லக்கூடாதாம், அதனால் ரூத்துக்கும் சொல்லவில்லை.

மழையில் மூன்று நாள் நெட் இல்லை. புதன் மதியம்தான் வந்தது.

"ஏண்ணே, ஹால் டிக்கெட் எடுக்க இன்னைக்கு அஞ்சு மணியோட கடைசி. உள்ளயே போக மாட்டேங்குது!"

"பாஸ்வேர்டை ஸ்ட்ராங்கா மாத்திட்டேன்ளா."

"சரி, சொல்லு."

எண்கள் சுத்தமாக மறந்திருந்தன. ஓடிபி போவது அப்பாவின் பழைய நம்பருக்கு, அந்த சிம் செத்து ஒரு வருடம். குத்துமதிப்பாக இரண்டு முறை போட்டேன். இன்னொரு தடவை தவறினால் பூட்டிக்கொள்ளும் என்றது. "ரெண்டு வருசமாப் படிச்சேம்ணே" என்று ரூத் அழ ஆரம்பித்தாள்.

கோவிலுக்கு ஓடினோம். பலகையில் வேறு எண்கள்!

"நேத்து கல்யாணம்லா தம்பி, மாத்திட்டேன்" என்றார் அண்ணாச்சி.

உள்ளே பெண்கள் ஜெபக்கூட்டம். ஞாயிற்றுக்கிழமை என்னென்ன பாடினோம் என்று கேட்டேன்.

"ஏம்ல, ஒனக்குத் திடீர்னு பக்தி?" என்றாள் மேரி சித்தி. ரூத் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள்.

ஒருவருக்கும் எண் தெரியாது, ராகம்தான் தெரியும். இருபது பெண்களும் பாடிப் பார்த்தே கண்டுபிடித்தார்கள். புத்தகத்தைப் புரட்டி எண்ணைச் சொல்லச் சொல்ல, அண்ணாச்சி அதைப் பலகையில் மாட்டினார். காணிக்கைப் பாட்டில் தகராறு.

"அது போன வாரம்டி!"

"போன வாரம் நீ கோயிலுக்கே வரல!"

மணி நாலே முக்கால். ரூத் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் மேரி சித்திதான் தீர்ப்பு சொன்னாள்: "இந்தப் பாட்டுதான். இதுலதான் இவன் வாயப் பொளந்து கொட்டாவி விட்டான், நான் பாத்தேன்."

"இம்புட்டுதானா தம்பி?" என்றார் அண்ணாச்சி.

"முன்னாடி பெரிய ஆர், கடைசியில ஒரு ஸ்டார்!" என்று நானே கத்தினேன்.

ரூத் போனில் அடித்தாள், திறந்துகொண்டது. ஹால் டிக்கெட்டும் வந்தது. ரூத் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். உடனே வேறு மாற்றிவிடலாம் என்றேன். "இனி அதத் தொட்டே, கைய ஒடிச்சிருவேன்" என்றாள். தொடவில்லை.

அந்த ஞாயிறு போதகர் சொன்னார்: "ரூத்தின் தேர்வுக்காக, அவளது பாஸ்வேர்டு தெரிந்த அனைவரும் எழுந்து நின்று ஜெபிப்போம்." சபை மொத்தமும் எழுந்து நின்றது.

ரிசல்ட் வந்த அன்று ரூத் போனை எடுப்பதற்குள், மேரி சித்தி கேக்கோடு வாசலில் நின்றாள்.

"ஏட்டி, நீ பாஸாயிட்ட! காலைலயே உள்ள போயிப் பாத்துட்டோம். அதுல ஒம் போட்டோதான் நல்லால்ல, மாத்திரு."

ரூத் இன்று அகளியில் அரசு வேலையில் இருக்கிறாள், ஆபீஸ் லாகினுக்கும் அதே பாஸ்வேர்டுதான். அவளுக்கு பிரமோஷன் வந்ததா, டிரான்ஸ்பர் வந்ததா என்று தெரியவேண்டுமானால், இப்போதும் அம்மா அவளைக் கேட்பதில்லை. நேராக மேரி சித்திக்குத்தான் போன் போடுகிறாள்.