அறுபத்திரண்டு டிகிரியில் வெந்த மூவர்

பாசமும் அவ்வப்போது கோபமும் உள்ள கைசு அக்காவுக்கு, தம்பெரேயிலிருந்து தம்பி தர்மோ எழுதுவது. இங்கே நானும் பூனையும் சௌக்கியம். அங்கே ரோவனியெமியில் நீயும் அத்தானும் பனிக்கு மேலே தலை தெரியும்படி இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

அக்கா, உட்கார்ந்துகொண்டு படி. உலகமெங்கும் கணினிகளை இயக்குகிற லினக்ஸ் மென்பொருளில் என் டிரைவர் சேர்ந்துவிட்டது! வண்டி ஓட்டுகிற டிரைவர் இல்லை என்று அத்தானுக்கு இன்னொரு தடவை சொல்லிவிடு. எங்கள் கம்பெனி சவுனா ஆவிக்குளியல் அறையின் அடுப்புக்குச் செய்கிற, வெப்பம் அளக்கும் சென்சார் சில்லையும் கணினியையும் பேசவைக்கிற நிரல் அது. அதை உள்ளே விடலாமா கூடாதா என்று முடிவு செய்கிறவர் லினக்ஸ்காரர் உர்ஹோ. நான் எழுதி அனுப்புவதும் அவர் ஒற்றை வரியில் திருப்பி அனுப்புவதுமாகக் குளிர்காலமே போய்விட்டது. கடைசியில் எங்கள் முதலாளி பெர்ட்டி, இந்தத் தடவையும் திரும்பி வந்தால் உன்னை வாடிக்கையாளர் தொலைபேசிப் பிரிவுக்கு மாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டார். முன்பின் தெரியாத ஆட்களிடம் நாள் முழுக்கப் பேச வேண்டும், அக்கா. யோசித்துப் பார், எனக்குச் சோறு இறங்குமா?

பெர்ட்டி ஒரு யோசனை சொன்னார். உர்ஹோ ஏதோ வேலையாக ஊருக்கு வருகிறாராம், நம் அலுவலகச் சவுனாவுக்கே கூப்பிடுவோம், நம் சென்சார் வேலை செய்வதை உட்கார்ந்தே பார்க்கட்டும் என்றார். அப்படியே கூப்பிட்டோம், அவரும் வந்தார், மேல் பலகையில் மூன்று பேரும் துண்டோடு வரிசையாக உட்கார்ந்தோம், சுவரில் இருந்த திரை அறுபத்திரண்டு டிகிரி காட்டியது. பெர்ட்டி ஆவி கிளம்ப அடுப்புக் கல்லின்மேல் தண்ணீர் ஊற்றினார், அறுபத்திரண்டு. இன்னொரு கரண்டி ஊற்றினார், அப்போதும் அறுபத்திரண்டு. எனக்குக் காது மடல் எரிகிறது, மூக்குக்குள் மூச்சுக்காற்று சுடுகிறது, ஆனால் திரை அறுபத்திரண்டு என்கிறது. அறுபத்திரண்டில் எழுந்து ஓடினால் நான் என்ன ஆண்பிள்ளை? அந்தச் சூட்டில் பச்சைக் குழந்தைகூடத் தூங்குமே. அதிலும் அது நான் எழுதிய எண். பெர்ட்டி முதலாளி, அவரால் முதலில் எழுந்திருக்க முடியாது. உர்ஹோ கிழக்கே சாவோன்லின்னாக்காரர், அந்த ஊர்க்காரர் எழுந்திருக்கவே மாட்டார். அடுப்போ, பாவம், இன்னும் சூடு போதவில்லை என்று திரையை நம்பி மேலும் மேலும் எரிகிறது. கூரைப் பலகையிலிருந்து பிசின் உருகிப் பெர்ட்டியின் வழுக்கையில் சொட்டியது. அவர் அதைத் துடைத்துவிட்டு, இன்றைக்கு இதமாக இருக்கிறது என்றார்.

அப்போதுதான் உர்ஹோ திரையைப் பார்த்தபடியே கேட்டார்:

"தம்பி, சில்லுல கடிகாரத்த எப்ப நிறுத்துற?"

சில்லுக்குள் ஒரு கடிகாரம் உண்டு, அக்கா. மணி காட்டாது, நாடி மாதிரி துடிக்கும். அது துடித்தால்தான் சென்சார் அளக்கும். மின்சாரம் மிச்சமாகட்டும் என்று, அளந்து முடித்ததும் நான் அதை நிறுத்தி வைப்பேன். அதைப் பெருமையாகச் சொன்னேன்.

"சரி. மறுபடி ஓடச் சொல்றியே, ஓடுச்சான்னு பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. ஓடு என்று சொல்லிவிட்டு, அது என்ன பதில் சொன்னது என்று காது கொடுக்காமல் எண்ணை எடுத்துவிடுகிறேன். கடிகாரம் நின்றே கிடந்ததால் சென்சார் பழைய எண்ணையே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"பாக்கலைங்க," என்றேன்.

"அதான் வெந்துட்டிருக்கோம்," என்றார் உர்ஹோ.

இவ்வளவும் தெரிந்த பிறகாவது எழுந்தோமா? முதலில் நீங்க போங்க, இல்லை நீங்க போங்க என்று கொஞ்ச நேரம் உபசாரம் நடந்தது. பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் கதவில் சிக்கி, வெளியே பனியில் போய் முகம் குப்புற விழுந்தோம். பெர்ட்டியின் முதுகிலிருந்து கிளம்பிய ஆவியைப் பார்த்துப் பக்கத்துக் கட்டடத்துக்காரர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

அன்றைக்கே உட்கார்ந்து திருத்தினேன். இப்போது கடிகாரத்திடம் ஓடு என்று சொன்னால் பதிலுக்குக் காத்திருக்கிறேன். ஓடவில்லை என்றால், எண் எதையும் காட்டாமல், கடிகாரத்தை விட்டுவிட்டேன் என்று முறைப்படி சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறேன். அனுப்பிவைத்தேன், உர்ஹோ ஏற்றுக்கொண்டார்! கீழே வழக்கமாகச் சோதித்தவர் பெயர் போடுகிற இடத்தில், 'உர்ஹோ, தோலால்' என்று அவர் கைப்படச் சேர்த்திருக்கிறார். வாசித்ததும் அழுதுவிட்டேன் அக்கா, பூனை பயந்து அலமாரிமேல் ஏறிக்கொண்டது. எனக்குத் தொலைபேசிப் பிரிவு இல்லை, இனி என் நிரல் ஊர் உலகமெல்லாம் ஓடும். அப்பாவுக்கும் சொல்லிவிடு, தெருவுக்கே சொல்லிவிடு.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் வீட்டுக் கல் என்றும் சூடாகவும் ஏரி என்றும் குளிர்ச்சியாகவும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
எழுத்திலாவது வாயாடும் உன் தம்பி,
தர்மோ

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் உர்ஹோ போனில் கூப்பிட்டார். அவர் கூப்பிட்டால் எங்கோ ஏதோ இடிந்து விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கடிகாரத்தை என் சென்சாரும் அடுப்பும் பங்கு போட்டுக்கொள்கின்றனவாம். அதைக் கேட்டு வாங்கிய பங்காளிகள் எல்லாரும் விட்டுவிட்டேன் என்றால்தான் அது நிற்க வேண்டும். என் திருத்தமோ, கைக்கே வராததை விட்டுவிட்டேன் என்று சொல்லி, அடுப்பின் பங்கையும் சேர்த்து நிறுத்திவிடுகிறது, அடுப்பே அணைந்துபோகிறது. அவர் தம் ஏரிக்கரை வீட்டுச் சவுனாவில் அதைப் போட்டுப் பார்த்திருக்கிறார், உள்ளே இருந்தது அவருடைய மாமியார். டிரைவரை லினக்ஸிலிருந்து எடுத்துவிட்டார்களாம். பெர்ட்டிக்கும் தெரிந்துவிட்டது, நாளைக் காலை நான் தொலைபேசிப் பிரிவில். முதல் புகாராக உங்கள் மாமியாருடையதையே எழுதிக்கொள்ளட்டுமா என்று உர்ஹோவிடம் கேட்டேன்.

"அவங்களா, புகாரா? அந்தக் குளிர்ல அவ்ளோ நேரம் உக்காந்திருந்தாங்க. வெளிய வந்து, பல்லு தந்தியடிக்க, ஆவி ரொம்ப நல்லா இருந்துச்சு மாப்பிள்ளைன்னுட்டுப் போயிட்டாங்க."