கொசுப்புழு தின்ன வந்த பால்சுறா

"மூணு பெட்டி சார். ஐஸ் உருகுததுக்குள்ள ஒரு கையெழுத்தப் போட்டியன்னா நான் கெளம்பிருவேன்" என்றார் உவரி மீன் வியாபாரி அம்புரோஸ்.

சுகாதார ஆய்வாளர் பெருமாள்ராஜ் ஒரு பெட்டியைத் திறந்தான். ஐஸுக்குள் பால்சுறாக்கள் வரிசையாகப் படுத்திருந்தன. நல்ல மீன்தான். உயிர் மட்டும் இல்லை.

"அண்ணாச்சி, நாங்க கேட்டது உயிரோட உள்ள மீனு. கெணத்துல விட்டா கொசுப்புழுவைத் திங்கணும்."

அம்புரோஸ் மீனையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "இது இனிமே எதையும் திங்காது சார்."

ஊரில் மூன்று தெருவில் டெங்கு. கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீனைக் கிணறுகளில் விடுவதென்று முடிவாகியிருந்தது. சுண்டுவிரலில் பாதிகூட இராத மீன் அது. தண்ணீரும் காற்றும் அடைத்த பிளாஸ்டிக் பையில் நீந்திக்கொண்டே வரும். ஆனால் துறை எதையும் நேராக வாங்குவதில்லை. புகை அடிப்பது, கக்கூஸ் கழுவுவது, ஆஸ்பத்திரிச் சாப்பாடு, மீன் எல்லாவற்றையும் ஒரு கம்பெனி தலையில் கட்டியிருந்தது. அந்தக் கம்பெனி அதை வேறு யார் யார் தலையிலோ கட்டிவிட்டு ஏசி அறையில் இருந்தது.

துணை இயக்குநர் டாக்டர் ஃபிளோரா மதியம் தெற்குத் தெருக் கிணற்றைப் பார்க்க வருகிறார். மீன் இல்லையென்றால் மாறுதல் என்று முந்தின நாளே சொல்லிவிட்டார். பெருமாள்ராஜ் மெமோவுக்கெல்லாம் பயப்படுகிற ஆள் இல்லை. மாறுதலுக்குத்தான் பயம். மனைவி தேன்மொழி உள்ளூர் அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று நாலு நாள்தான் ஆகிறது. பெண் குழந்தை. தூக்கினால் அழுகிறது. அப்பன் என்று அதற்கு இன்னும் பிடிபடவில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டான். ஒரு பெண் எடுத்தாள்.

"உங்க மீன் டெலிவரி ஆயிட்டுன்னு காட்டுது சார்."

"செத்த மீனா வந்திருக்கும்மா."

"அதுக்குப் புகார் பதியணும் சார். ஏழு நாளாகும்."

"ஏழு நாள்ல நாறிருமேம்மா."

"அப்ப நாத்தத்துக்குத் தனியா இன்னொரு புகார் பதியவா சார்?"

அவன் போனை வைத்தான். அம்புரோஸுக்கே பாவமாகிவிட்டது.

"எனக்கு என்ன தெரியும் சார்? இந்த ஊரு, சுகாதார ஆபீசு, மீனுன்னு போன்ல அனுப்புனாவ. கொண்டாந்தேன். வீட்டுல பிள்ளை பெத்திருக்குன்னு சொன்னாவ. ரெண்டெண்ணம் எடுத்துப் புட்டு வச்சுக் குடுங்க, பால் நல்லா ஊறும்."

"வேண்டாம் அண்ணாச்சி. கொசுவுக்கு வந்த அரசாங்க மீனை பொண்டாட்டிக்குக் குடுத்தான்னு கேஸாயிரும்."

"சரி, உயிரோட மீனுதான வேணும்? மணிமுத்தாறுல என் கூட்டாளி மீனு வளக்கான். இங்கனயே இருங்க, வந்துருதேன்."

போனவர் ஒரு டிரம்மோடு வந்தார். உள்ளே முழங்கை நீளத்துக்கு விரால்கள்.

"இது கம்பூசியா இல்லியே அண்ணாச்சி."

"உயிரோட இருக்கில்லா."

பெருமாள்ராஜ் கடிகாரத்தைப் பார்த்தான். விராலெல்லாம் தெற்குத் தெருக் கிணற்றில் இறங்கின.

கிணற்றில் விரால் கிடக்கிறது என்ற செய்தி டெங்குவைவிட வேகமாகப் பரவியது. தெருவே தூண்டிலும் வாளியுமாகத் திரண்டது. நாலு பேர் சேர்ந்து ஒரு வலையை இறக்கினார்கள். பெருமாள்ராஜ் உற்றுப் பார்த்தான். போன வருஷம் அவனே வீடு வீடாகக் கொடுத்த கொசுவலை. ஒருத்தரும் அதற்குள் படுத்த மாதிரித் தெரியவில்லை.

"யாரும் பிடிக்காதிய. அதுல மருந்து ஏத்தி விட்டிருக்கு, தின்னா ஆகாது" என்று வாயில் வந்ததைச் சொன்னான்.

வலை அப்படியே நின்றது. இடுப்பில் குடத்தோடு நின்ற ஷரீபா பீவி நிதானமாகக் கேட்டாள். "மீனுல மருந்துன்னா, நாங்க குடிக்கிற தண்ணியிலயும் மருந்துதான?"

அவன் பதில் யோசிப்பதற்குள் தெருமுனையில் குடங்கள் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. சாலை மறியல். இரண்டு பக்கமும் பஸ் நின்றது.

"மருந்தெல்லாம் இல்ல பாட்டி, சும்மா சொன்னேன்."

"அப்படின்னா நீரு குடிச்சுக் காட்டும்."

ஒரு செம்பு குடித்தான். ஒரு செம்பில் என்ன தெரியும் என்றாள் ஷரீபா பீவி. இன்னொன்று குடித்தான். மூன்றாவது செம்பை அண்ணாந்தபோது, மறியலில் சிக்கிய ஜீப்பிலிருந்து இறங்கி டாக்டர் ஃபிளோரா நடந்தே வந்துகொண்டிருந்தார்.

அவர் நேராகக் கிணற்றை எட்டிப் பார்த்தார். ஒரு விரால் துள்ளி அவர் கண்ணாடியில் தண்ணீர் தெறித்தது.

"என்ன இது?"

"கம்பூசியா மேடம்."

"இவ்வளவு பெரிசாவா?"

"இங்கன தீனி அதிகம் மேடம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. டாக்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "அப்ப இந்தக் கிணத்துல அவ்வளவு கொசுப்புழு இருந்திருக்கு. இவ்வளவு நாளா நீங்க என்ன பண்ணுனீங்க?"

எல்லாக் கோபமும் சேர்ந்து அவனுக்கு அழுகைதான் வந்தது. கம்பெனி, பால்சுறா, டிரம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். டாக்டர் நம்பவில்லை.

"கம்பெனி சரியான மீன்தான் அனுப்பியிருக்கு. பை பையா அனுப்புன போட்டோ என் போன்லயே இருக்கு. நீங்கதான் அதை எங்கயோ தள்ளிட்டீங்க. உங்களை உவரிக்குப் போடப்போறேன். மீனைப் பத்தி அங்க படிச்சுக்கலாம்."

"நம்ம ஊருதான் சார், வாங்க" என்று அம்புரோஸ் பின்னாலிருந்து ஆறுதல் சொன்னார்.

வயிறு நிறையக் கிணற்றுத் தண்ணீரோடு பெருமாள்ராஜ் ஆஸ்பத்திரிக்குப் போனான். பிரசவ வார்டில் தேன்மொழி பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் குனிந்து தூக்கினான். ஆச்சரியம், இன்றைக்கு அழவில்லை. உவரிக்குப் போகவேண்டும் என்பதை இதன் முன்னால் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றான். பொய்க்காரன் பட்டம் வேறு. அந்தக் கம்பூசியா எங்கே போனது என்று தெரிந்தால் போதும், தப்பித்துவிடலாம்.

"சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டான்.

"இன்னைக்குத்தான் ருசியாச் சாப்பிட்டேன்" என்றாள் தேன்மொழி.

தட்டு எடுக்க வந்த சமையல்காரி சுடலைவடிவு அவனைப் பார்த்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி சுகாதாரத்துலதான இருக்கிய? அந்தக் கம்பெனிக்காரன்ட்ட சொல்லிவைங்க. பிள்ளை பெத்தவளுவளுக்கு வாராவாரம் பால்சுறா தாறவன், இன்னைக்கு பையில உயிரோட நீந்துத பொடி மீனா அனுப்பிட்டான். ஆஞ்சு கொழம்பு வைக்கதுக்குள்ள என் இடுப்பு போச்சு. மூணு தடவ கேட்டு வாங்குனது உங்க வீட்டுக்காரிதான்."