மோகன் சாருக்கு ஆறடி பத்தல

இன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். காலையில பத்து மணிக்கு ஒரு கேபினோட சாவியை ஒருத்தர் கையில கொடுத்துட்டு வரணும்.

சாவி கொடுக்கிறதுல என்ன தப்பு நடந்துடப் போகுது? அப்படித்தான் நானும் நினைச்சேன்.

முதல்ல கேபினைப் பத்திச் சொல்லிடறேன். திருச்சியில ஒரு சைக்கிள் குழு. காவிரிக் கரையோரமாவே மிதிச்சு, அது கடல்ல கலக்கிற இடம் வரைக்கும் போற ஆளுங்க. வழியில தங்கிட்டுப் போக அஞ்சு சின்ன கேபின் வேணும்னு கேட்டாங்க. சிமெண்ட் கூடாது, ஏசி கூடாது, பூமிக்குப் பாரமா எதுவும் கூடாது. முதல் கேபின் திருவையாத்துக்குக் கிழக்க, ஒரு வாழைத்தோப்பு ஓரத்துல. அது பிடிச்சிருந்தாதான் மீதி நாலு.

பத்து வருஷமா அடுத்தவங்க ஆபீஸ்ல உக்காந்து பாத்ரூம் ஜன்னலா வரைஞ்சு தள்ளினவ நான். வேலையை விட்டுட்டு வந்து பிடிச்ச முதல் சொந்த வேலை இது. வீட்டுக்காரர்கிட்ட வீராப்பா வேற பேசியிருக்கேன். மீதி நாலும் கிடைக்கலைன்னா மறுபடியும் பாத்ரூம் ஜன்னல்தான்.

அதனால பன்னெண்டு பக்கம் வரைஞ்சேன்! மண் சுவர், வைக்கோல் கலந்த பூச்சு, இடிச்ச வீட்டுலேர்ந்து எடுத்த பழைய ஜன்னல், மேல தென்னங்கீத்து. காத்து எந்தப் பக்கம் நுழைஞ்சு எந்தப் பக்கம் வெளிய போகணும்னு அம்புக்குறி கூடப் போட்டேன். காத்து அதைப் படிச்சுப் பாத்துட்டுத்தான் வரும்ங்கிற மாதிரி.

உள்ளளவு நீளம் ஏழடி, அகலம் ஒன்பதடி. ரெண்டு பக்கமும் நீளவாக்குல மண்ணுலயே படுக்கை மேடை. நடுவுல சைக்கிள்.

சுவர் எழும்புற நேரம் பாத்து எனக்கு அம்மை போட்டுடுச்சு. மூணு வாரம் வேப்பிலையோட வீட்டுக்குள்ளயே கிடந்தேன். கொத்தனார் ராசேந்திரன் அண்ணன்தான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டாரு. தினமும் போன் போடுவேன்.

"அண்ணே, அளவெல்லாம் சரியா இருக்குல்ல?"

"நல்ல அளவுங்க இன்ஜினியரம்மா. ஒரு குத்தம் சொல்ல முடியாது."

எனக்குப் பெருமை தாங்கல. இந்தக் காலத்துல படத்தைப் பாத்து அப்படியே கட்டுற கொத்தனார் யாருக்குக் கிடைப்பாங்க?

தலைக்குத் தண்ணி ஊத்தினது முந்தாநாள். கட்டி முடிச்ச கேபினை நானே இன்னைக்குத்தான் நேர்ல பாக்குறேன். அழகுன்னா அப்படி ஒரு அழகு! கொஞ்சம் அடக்கமா தெரிஞ்சுது. மூணு வாரம் படுத்துக் கிடந்த கண்ணு, அப்படித்தான் தெரியும்னு விட்டுட்டேன்.

பத்து மணிக்கு சைக்கிள் குழுத் தலைவர் மோகன் சார் வந்து இறங்கினாரு. ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். ஆறடி மூணு அங்குலம். குனிஞ்சு உள்ள நுழைஞ்சு சுவரைத் தடவிப் பாத்தாரு.

"அட, ஜில்லுனு இருக்கேம்மா!"

எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு.

"படுத்துப் பாக்கட்டுமா?"

"தாராளமா சார்!"

ஷூவைக் கழட்டிட்டுப் படுத்தாரு. தலை இந்தச் சுவர்ல இடிச்சுது. காலு ரெண்டும் எதிர்ச் சுவர்ல பல்லி மாதிரி ஏறி நின்னுது.

"கொஞ்சம் மேல தள்ளிப் படுங்க சார்."

"மேல சுவர்தாம்மா இருக்கு."

டேப்பை எடுத்தேன். ஆறடி. டேப்பை உதறிட்டு மறுபடி வெச்சேன். அதே ஆறடி. அகலம் எட்டு.

"அண்ணே! என் ஏழடி எங்க?"

வாசல்ல நின்ன ராசேந்திரன் அண்ணன் கொஞ்சம்கூட அசரல. "ஏழு ஆகாதுங்க. மனையடி சாஸ்திரத்துல ஏழடின்னா தரித்திரம். ஒன்பது அதைவிட மோசம், ஆயுசுக்கே ஆகாது. நீங்க மில்லிமீட்டர்ல போட்டிருந்தீங்களா, அடியா மாத்திப் பாத்ததும் பகீர்னுச்சு. படிச்சவங்க, தெரியாம போட்டிருப்பீங்கன்னு ஆறும் எட்டுமா திருத்திட்டேன்."

"நான் தினமும் போன்ல கேட்டேன்ல?"

"நல்ல அளவுன்னு தினமும் சொன்னேன்ல?"

சொன்னாருதான். நான் கேட்டது டேப் அளவு. அவர் சொன்னது சாஸ்திர அளவு. மூணு வாரமா ரெண்டு பேரும் ரொம்பத் திருப்தியா பேசியிருக்கோம்.

"நீளத்தை ஆறாக் குறைச்சதுக்குப் பதிலா எட்டாக் கூட்டியிருக்கலாம்ல?"

"மண்ணை மிச்சம் பண்ணணும், தண்ணியை மிச்சம் பண்ணணும்னு பக்கத்துக்குப் பக்கம் எழுதினது யாரு?"

பேச்சை மாத்தினேன்.

"அண்ணே, அதெல்லாம் குடியிருக்கிற வீட்டுக்கு. இங்க ஒரு ராத்திரிதான் தங்கப் போறாங்க."

"ஆயுசு போறதுக்கு ஒரு ராத்திரி போதாதா?"

படுத்திருந்த மோகன் சார் சட்டுனு எழுந்து உக்காந்துட்டாரு.

என் நாலு கேபின் கண்ணு முன்னாடி கரையுது. பதட்டத்துல வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "சார், கால் பக்கம் ஒரு ஜன்னல் வெச்சிடலாம்! காத்தோட்டமாவும் இருக்கும்!"

மண் சுவர்தானே. அண்ணன் கடப்பாறையால இருபது நிமிஷத்துல ஓட்டை போட்டுட்டாரு. மோகன் சார் தலைமாட்டுல தாராளமா இடம் விட்டு மறுபடி படுத்தாரு. ஆளு கச்சிதமா பொருந்திட்டாரு. கணுக்காலுக்குக் கீழ மட்டும் ரோட்டுப் பக்கம்.

நடவுக்குப் போயிட்டிருந்த மூணு பொம்பளைங்க அப்படியே நின்னுட்டாங்க.

"ஐயையோ, யாரும்மா தவறினது?"

"யாரும் தவறலக்கா. அளவு பாக்குறோம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன்னு எனக்கே உறைச்சுது. ஒரு அக்கா மாராப்பை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டாங்க.

அந்த நேரம் பாத்து வாழைத்தோப்புலேர்ந்து ஒரு வெள்ளாடு வந்துச்சு. அம்பது கிலோமீட்டர் மிதிச்ச காலு, உப்புக்குக் குறைவா? ஆசையா நக்க ஆரம்பிச்சுது.

"யாரும்மா காலைப் பிடிக்கிறது?" உள்ளேர்ந்து அலறல். செத்தவரு பேசினதும் மூணு அக்காவும் நாத்துக்கட்டைப் போட்டுட்டு ஓட்டம்!

மோகன் சார் காலை உருவிக்கிட்டு, தலையை நிலைப்படியில இடிச்சுக்கிட்டு வெளிய வந்தாரு. முடிஞ்சுது, மறுபடியும் பாத்ரூம் ஜன்னல்தான்னு நினைச்சுக்கிட்டேன்.

ஆனா அவர் என்னைத் தாண்டிப் போய் கொத்தனார் பக்கத்துல நின்னாரு. குரலைத் தாழ்த்திக்கிட்டாரு.

"ஏங்க, பன்னெண்டு அடி எப்படி?"

"எதுக்குங்க சார்?"

"என் வீட்டு பெட்ரூம்."

"உள்ளளவா?"

"உள்ளளவுதான்."

"எத்தனை வருஷமா படுக்கிறீங்க?"

"முப்பது."

அண்ணன் உச்சு மட்டும் கொட்டினாரு. மோகன் சார் முகத்துல ஈயாடல. ரெண்டு பேரும் போன் நம்பர் மாத்திக்கிட்டு வாழைமரத்து நிழல்ல அரைமணி நேரம் பேசினாங்க. நான் சாவியைக் கையில வெச்சுக்கிட்டு ஆட்டை விரட்டிட்டிருந்தேன்.

சாயங்காலம் ராசேந்திரன் அண்ணன்கிட்டேர்ந்து போன்.

"இன்ஜினியரம்மா, மோகன் சாரு மீதி நாலு கேபினையும் என்னையே எடுத்துச் செய்யச் சொல்லிட்டாரு. படம் போட ஒரு ஆளு வேணும். நீங்க வர்றீங்களா?"

என் பத்து வருஷ அனுபவத்தையும் திரட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"நீளம் எட்டாண்ணே, பத்தா?"